நேரில் சென்றபோது பூட்டியிருந்தது

நான் வேலை பார்த்த அறக்கட்டளையிலிருந்து போன மாதம் நித்யா என்ற பெண் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த இரண்டாவது ஆள் அவர்.

“சார், புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க. அவங்களுக்கு ஒரு கையேடு தயார் பண்றோம். அதுல ‘சொல்லாமல் போகும் ஆய்வு’ன்னு ஒரு பக்கம் உங்க பேரைப் போட்டே இருக்கு. அது எப்படி ஆரம்பிச்சுதுன்னு நீங்களே ரெண்டு பக்கம் எழுதித் தந்தா நல்லா இருக்கும்” என்றார்.

ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையேட்டில் தணிகாசலம் என்று என் பெயர். பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. சரி என்று சொல்லிவிட்டு மிச்சத் துணியையும் காயப்போட்டேன். மறுநாள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோதுதான் அந்த இரண்டு பக்கத்தை என்னால் எழுத முடியாது என்று தெரிந்தது. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகும், நித்யா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதியவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்து முன்னுக்கு வந்த சிலர் சேர்ந்து ஆரம்பித்த அறக்கட்டளை இது. ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி என்று சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஏதாவது செய்கிற சின்னச் சின்னக் குழுக்கள் இங்கே விண்ணப்பம் போடலாம். நாம் கொடுப்பது மலையளவு கிடையாது. ஒரு கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, பத்து பெஞ்சு, இப்படி ஏதாவது. வருடத்துக்கு இரண்டு சுற்று. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். என் காலத்தில் ஏழு பக்கப் படிவம், அதன் பின்னால் இணைப்புகள்: பதிவுச் சான்று, பாஸ்புக் முதல் பக்கம், இடத்துக்காரர் சம்மதக் கடிதம், இரண்டு போட்டோ. அவற்றைப் படித்து, இடத்தைப் போய்ப் பார்த்து, ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதுவது என் வேலை. அதற்கு முன்னால் நான் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பர். பட்டறையை மூடியபோது முதலாளி என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார். பயிற்சி என்று பார்த்தால் மூன்று நாள். அதிலும் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை.

மற்றதை எல்லாம் கற்றுக்கொடுத்தவர் செயலாளர் சபாபதி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பம் கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற குழந்தை வரைக்கும், ‘வாங்க, உக்காருங்க’ என்றுதான் பேசுவார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்.

“முதல் பக்கத்தை எல்லாரும் நல்லா எழுதிடுவாங்க தணிகாசலம். ஏழாவது பக்கம் வரதுக்குள்ள களைச்சுப் போயிடுவாங்க. ஆள் யாருன்னு அங்கதான் தெரியும்” என்பார்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. இடத்தைப் பார்க்கப் போனவர் அங்கே நின்றபடியே அவருக்குப் போன் செய்து முடிவைச் சொல்லிவிட வேண்டும். ஆபீசுக்குத் திரும்பி வந்து சொல்லக் கூடாது. “வர்ற வழியில யோசிப்பீங்க. யோசிச்சா ஒண்ணு இரக்கம் வந்துடும், இல்ல கோபம் வந்துடும். கண்ணு பாத்ததைக் கண்ணு பாத்த இடத்துலேர்ந்து சொல்லுங்க.” போனை எடுத்ததும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “உண்டா, இல்லையா?” நாம் சொல்கிற பதிலைத் தன் பட்டியலில் பென்சிலால் குறித்துக்கொள்வார். பென்சில்தான், ஆனால் அவர் மேஜையில் ரப்பர் கிடையாது.

எனக்கு முன்னால் இருந்த ஒருவர் காலையில் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து ‘உண்டு’ என்று மாற்றிச் சொன்னாராம். சபாபதி சார் கோபப்படவில்லை. “அப்ப காலைல போய்ப் பாத்தது யாருங்க?” என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த மனிதரின் எந்த அறிக்கையையும் அவர் இரண்டாவது ஆளை அனுப்பிச் சரிபார்க்காமல் விட்டதில்லை. வருடம் முடிவதற்குள் அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் வாட்ச்மேன் தேவராஜ். சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்.

இனி, கையேட்டில் என் பெயர் ஏறிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் நாங்கள் தேதி சொல்லிவிட்டுத்தான் ஆய்வுக்குப் போவோம். ஒரு முறை திருநின்றவூரில் ஒரு மாலை வகுப்பைப் பார்க்கப் போனேன். நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் வலது கையில் மாவுக்கட்டு போட்ட ஒரு சிறுமி. நிறைந்த மனதோடு ‘உண்டு’ சொன்னேன். மறுநாள் ஏரிக்கரைப் பக்கம் வேறொரு குழு, வேறொரு மாலை வகுப்பு. அங்கேயும் முதல் வரிசையில் அதே மாவுக்கட்டு.

“ஏம்மா, நேத்து நீ அந்தத் தெருவுல இருந்தியே?” என்றேன்.

“ஆமா சார். நேத்து அங்க, இன்னிக்கு இங்க” என்றது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அங்க பிஸ்கட்டுதான் சார். இங்க சமோசா” என்றது.

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. நான் முட்டாளாக்கப்பட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது. அன்றிலிருந்து யாருக்கும் சொல்லாமல் போக ஆரம்பித்தேன். போகிற நாளை என் டைரியில் மட்டும் குறித்துக்கொள்வேன், தேவராஜுக்குக்கூடத் தெரியாது. சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. முதியோர் மையம் என்று எழுதிக்கொடுத்த இடத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தது. நூலகம் என்ற இடத்தில் கேரம் போர்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். சபாபதி சார் அறங்காவலர் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார். ஸ்டோர் கீப்பராக நட்டு எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய விஷயம். மெல்ல மெல்ல எனக்கு ஒரு நோய் பிடித்தது. ஒரு விண்ணப்பத்தை எடுத்ததும் இதில் என்ன பொய் என்றுதான் தேடுவேன். உண்மையாக இருந்தால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் பாரிவாக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது.

ஐந்து தாய்மார். ஐந்து பேருக்கும் கை கால் வசப்படாத பிள்ளைகள். நடக்க முடியாது, சிலருக்குப் பேச்சும் வராது. பள்ளிக்கூடங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகவும் முடியாது, வேலைக்குப் போகாமல் சாப்பிடவும் முடியாது. அதனால் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பெரிய அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தினம் இரண்டு பேர் முறை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள், மற்ற மூன்று பேர் கம்பெனி வேலைக்குப் போவார்கள். யார் சொல்லிக்கொடுத்தும் செய்த ஏற்பாடு இல்லை. அவர்களாகவே உட்கார்ந்து போட்ட கணக்கு.

அவர்கள் எங்களிடம் கேட்டது ஒரு கழிப்பறை. சக்கர நாற்காலி உள்ளே போய்த் திரும்புகிற அகலம், உட்காருகிற மாதிரி பீங்கான், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வாசலில் படிக்குப் பதில் சரிவு. இருந்த கழிப்பறை மனையின் பின்கோடியில், குறுகலாக, தரையோடு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

படிவத்தில் ‘தேவைக்கான காரணம்’ என்று அரைப் பக்கம் காலியாக விட்டிருப்போம். எல்லாக் குழுக்களும் அந்த இடத்தை விழிப்புணர்வு, மேம்பாடு, முன்னேற்றம் என்று நிரப்பித் தள்ளுவார்கள். இந்த விண்ணப்பத்தில் உருண்டையான எழுத்தில் இரண்டே வரி இருந்தது: ‘பிள்ளைகள் வளர்கிறார்கள். எங்களால் தூக்க முடியவில்லை.’

அந்த இரண்டு வரியை என்னால் இன்றைக்கும் அதே எழுத்தில் பார்க்க முடியும். அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? விவரமான ஆளாக இருக்கிறார்களே, குறைத்து எழுதினால் நம்புவோம் என்று தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு குறை இருந்தது. இடத்துக்காரர் கடிதம் நகலாக இருந்தது, மூலம் வேண்டும். தவிர, தலைவி, செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் என் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். குழுவின் தலைவி எடுத்தார். பெயர் மல்லிகா.

“வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு பேரும் வந்து கையெழுத்துப் போட்டுட்டு, ஒரிஜினல் லெட்டரைக் குடுத்துட்டுப் போயிடுங்கம்மா” என்றேன்.

“சார், மீதி ரெண்டு பேரும் டூட்டிக்குப் பூடுவாங்க சார். நாங்க மூணு பேரும் வந்துட்டா பசங்களப் பாத்துக்க ஆளில்ல. தபால்ல அனுப்பட்டுங்களா?”

“தபால் செல்லாதும்மா. நேர்லதான் வரணும்.”

பிறகு, “எப்போ வந்தா நீங்க இருப்பீங்க சார்?” என்று கேட்டார்.

என் டைரியில் வியாழக்கிழமைக்கு நேராக ‘பாரிவாக்கம்’ என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமை இருக்க மாட்டேன் என்று சொன்னால் ஆய்வுக்கு வருகிறேன் என்று மோப்பம் பிடித்துவிடுவார்களே.

“வாரம் பூரா ஆபீஸ்லதான் இருப்பேன். எப்ப வேணா வாங்க” என்றேன்.

வேலையில் நான் எத்தனையோ தவறு செய்திருக்கிறேன். அறிந்தே சொன்ன பொய் இது ஒன்றுதான். முறைக்காகச் சொன்னது, எனக்காக இல்லை என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் பூந்தமல்லி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பாரிவாக்கம் போனேன். பாதி வயல், பாதி மனைப்பிரிவு. அறையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெருக்கித் துடைத்த தரை, சுருட்டி வைத்த பாய்கள், சுவரில் ஒரு மயில் படம். ஆள் இல்லை. எதிரே ஒரு டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“இங்க பசங்க எல்லாம் வருவாங்கன்னு சொன்னாங்களே?”

“வருவாங்கோ சார். இன்னிக்கு இல்ல. காலங்காத்தால ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்னுது. பசங்க, சக்கர நாற்காலி, அல்லாத்தையும் ஏத்திகினு பூட்டாங்கோ.”

“எங்க?”

“தெர்ல சார். எதோ டிரஸ்ட் ஆபீசாம். அந்தம்மா சொல்லிகினு இருந்துச்சு.”

இதைக் கேட்டதும் ஒரு சாதாரண மனிதனுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எந்த டிரஸ்ட், எந்த ஆபீஸ் என்று தோன்றியிருக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இரண்டு நாள் முன்னால் போனில் சொன்னார்களே என்று நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கு மாவுக்கட்டுச் சிறுமிதான் நினைவுக்கு வந்தாள். நேற்று அங்கே, இன்றைக்கு இங்கே. பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு ஏதோ ஒரு அறக்கட்டளைக்குக் காட்டப் போயிருக்கிறார்கள், அதுவும் இப்படிப்பட்ட பிள்ளைகளை, என்று எனக்கு ஆத்திரமே வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அந்தக் கடை வாசலிலேயே நின்று சபாபதி சாருக்குப் போன் போட்டேன்.

“பூட்டிக் கிடக்கு சார். பசங்கள வண்டியில ஏத்தி வேற எங்கயோ காட்டக் கூட்டிட்டுப் போயிருக்காங்க.”

“உண்டா, இல்லையா?”

“இல்லை.”

பென்சில் தாளில் கீறுகிற சத்தம் கேட்டது. “சரிங்க” என்று வைத்துவிட்டார். அப்போது மணி பதினொன்றரை இருக்கும்.

அன்று பூந்தமல்லியில் இன்னொரு இடத்தையும் பார்த்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பும்போது மணி மூன்றரை. வாசலில் நுழையும்போதே பினாயில் வாசனை தூக்கியடித்தது. தேவராஜ் எழுந்து வந்தார்.

“இன்னா சார், எங்க பூட்டீங்க? உங்களத் தேடிகினு பாரிவாக்கத்துலேர்ந்து மூணு அம்மாங்க வந்து பத்தரை மணிலேர்ந்து குந்திகினு இருந்தாங்கோ. நடக்க முடியாத பசங்க அஞ்சு பேரு. எறக்கறதுக்கே அரை மணி நேரம் ஆச்சு சார். சார் எந்நேரமும் இருப்பேன்னு சொன்னாரே, எந்நேரமும் இருப்பேன்னு சொன்னாரேன்னு அந்தம்மா அதையே சொல்லிகினு இருந்துச்சு. ரெண்டு மணி வரிக்கும் பாத்துட்டு, பசங்க பசி தாங்காதுன்னு கிளம்பிட்டாங்கோ.”

ஒரு கவரை நீட்டினார். உள்ளே இடத்துக்காரர் கடிதம், மூலம். கூடவே ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கையெழுத்து.

“சார் முன்னாடிதான் போடணுமாமேன்னு கேட்டுச்சு. சார் இல்லியே, நீங்களாச்சும் பாத்துக்கோங்கன்னு என் முன்னாடி போட்டாங்கோ சார். செல்லும் இல்ல?”

வருகைப் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதே உருண்டை எழுத்து. மல்லிகா, பாரிவாக்கம், பத்து நாற்பது. நான் அவர்கள் அறைப் பூட்டைப் பார்த்து ‘இல்லை’ என்று சொன்ன நேரத்தில் அவர்கள் என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

கவரோடு சபாபதி சார் அறைக்குப் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவர் அறங்காவலர் தலைவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். “நம்ம தணிகாசலம் இருக்காருல்ல, அவரு சொல்லாமத்தான் போவாரு. இன்னிக்குக்கூட ஒண்ணைப் பிடிச்சிருக்காரு. அவரு கண்ணுக்குத் தப்ப முடியாதுங்க.” என்னைப் பார்த்ததும் போனைக் கையால் மூடிக்கொண்டு, “என்னங்க?” என்றார்.

‘அப்ப காலைல போய்ப் பாத்தது யாருங்க?’ அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டது மாதிரி என் காதில் விழுந்தது.

“ஒண்ணுமில்ல சார்” என்றேன்.

திரும்பி வந்து கவரைக் கோப்பில் கோத்தேன். அறிக்கை எழுதினேன். ‘நேரில் சென்றபோது பூட்டியிருந்தது. பயனாளிகள் எவரும் இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் பிள்ளைகள் வாகனத்தில் வேறிடம் அழைத்துச் செல்லப்பட்டதாகத் தெரிகிறது.’ ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இப்படி ஒரு அறிக்கை எழுதத் தெரிந்ததுதான் நான் இருபது வருடத்தில் கற்ற தொழில் என்று சில நாட்களில் தோன்றும்.

அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆறே மாதம்தானே. அந்தச் சுற்றில் நானே முன்னால் நின்று வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். மறுப்புக் கடிதம் போனது. எங்கள் மறுப்புக் கடிதம் எல்லாருக்கும் ஒரே வாசகம்: ‘தங்கள் விண்ணப்பத்தை இம்முறை ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ காரணம் எழுதுவதில்லை. காரணம் எழுதினால் வாதாட வந்துவிடுவார்கள் என்பது சபாபதி சாரின் அனுபவம்.

அடுத்த சுற்றுக்கு வந்த ஒவ்வொரு கவரிலும் அந்த உருண்டை எழுத்தைத் தேடினேன். வரவில்லை. அதற்கடுத்த சுற்றிலும் வரவில்லை. போன் செய்திருக்கலாம். எண் கோப்பில் இருந்தது. செய்யவில்லை. செய்தால் ‘அன்னிக்கு நீங்க ஏன் இல்ல சார்?’ என்று கேட்பார்களே. ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாகப் பாரிவாக்கம் போனபோது அந்த அறையில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. இதைவிட வசதியான இடம் கிடைத்துப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதிரி பதில்களை நான் மற்றவர்களிடம் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

சபாபதி சார் விலகிப் போன அன்றைக்குச் சின்னதாக ஒரு தேநீர் விருந்து வைத்தோம். எல்லார் முன்னாலும் என் தோளில் கை போட்டு, “இவரோட அறிக்கையில ஒண்ணைக்கூட நான் சந்தேகப்பட்டதில்லை” என்றார். கையில் இருந்த கேக்கை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அதன் பிறகு இரண்டு வருடத்தில் அவர் காலமாகிவிட்டார். அவரிடம் சொல்லியிருந்தால் திட்டியிருக்க மாட்டார். என்னை இரண்டாம் ஆளை வைத்துச் சரிபார்த்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த ‘அவ்வளவு’க்குப் பயந்துதான் ஐந்து குடும்பத்தை விட்டுவிட்டேன்.

நித்யா, கையேட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. சொல்லாமல் போங்கள், தப்பில்லை. பூட்டியிருந்தால் அந்த இடத்திலிருந்தே அவர்களுக்கு ஒரு போன் செய்யுங்கள். ‘உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன், நீங்க எங்க இருக்கீங்க?’ என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால், ‘உங்க ஆபீஸ்லதான் சார்’ என்று பதில் வந்திருக்கும். மறுப்புக் கடிதத்தில் காரணத்தையும் எழுதுங்கள். ஏன் என்பதை இனிமேல் சொல்கிறேன்.

நித்யா போன் செய்த மறுவாரம் நான் பாரிவாக்கம் போனேன். வயல் எல்லாம் வீடாகிவிட்டது. டீக்கடை இருந்தது, அதே மனிதர், தலை முழுக்க நரைத்திருந்தது. மல்லிகாவைக் கேட்டதும் அவருக்கு உடனே தெரிந்தது. வாடகை கட்டுப்படியாகாமல் திருநின்றவூர் பக்கம் போய்விட்டதாகச் சொல்லி, மல்லிகாவின் தங்கை வீட்டு போன் எண்ணை வாங்கிக் கொடுத்தார். அப்படி விசாரித்து விசாரித்து, ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் திருநின்றவூரில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் நின்றேன். வருகிறேன் என்று முதல் நாளே போன் செய்து சொல்லியிருந்தேன்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். உள்ளே ஜன்னல் ஓரம் கட்டிலில் ஒரு பெரிய பையன், பையன் என்ன, மீசை முளைத்த ஆள், தலையணையில் சாய்ந்திருந்தான்.

“எம் பையன் சரவணன் சார்” என்றார். “பேச்சு வராது. சொல்றது அல்லாம் புரியும்.”

நாற்காலி போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

“நீங்க வரேன்னு சொன்னதும் எனுக்கு ராவெல்லாம் ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். அன்னிக்கு உங்க ஆபீஸ்ல அப்டி ஆனதுக்கு நான் மன்னிப்பு கேக்கணும்னு எத்தினி நாளு நெனச்சிகினு இருந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. “எதுக்கும்மா?”

“வாட்ச்மேன் சொல்லலியா சார்? உங்கள பாக்கக் குந்திகினு இருந்தோம். இவனுக்கு அவசரம் வந்துடுச்சு. உங்க ஆபீஸ் பாத்ரூம் பின்னாடி மூணு படி மேல. நாற்காலி ஏறல. நானும் எங்கூட வந்த பார்வதியும் தூக்கினோம், கதவுல நுழையல. அதுக்குள்ள அங்கியே தரையில போயிட்டான் சார். பளபளன்னு தரை. நான் என் பொடவைய வச்சே தொடச்சேன். அங்க வேலை பாக்கறவங்க அல்லாம் மூக்கப் புடிச்சிகினு பாத்தாங்கோ. அப்பவே தெரிஞ்சு போச்சு, இனிமே நமக்குக் குடுக்க மாட்டாங்கன்னு. அதே மாரி லெட்டரும் வந்துச்சு. மத்தவங்க அல்லாம் இவனாலதான் போச்சுன்னு என்னைப் பேசுனாங்கோ. மூணு மாசத்துல ஆளுக்கொரு பக்கம் பிரிஞ்சிட்டோம் சார். நானும் கம்பெனிக்குப் போறத வுட்டுட்டேன்.”

அந்த பினாயில் வாசனை எனக்கு அப்போதுதான் அர்த்தமானது. இருபது வருடம் நான் ஏறி இறங்கிய மூன்று படி. கழிப்பறை கேட்டு வந்த பிள்ளை அது. அந்தப் பிள்ளை போவதற்கு எங்கள் ஆபீசில் ஒரு கழிப்பறை இல்லை.

சொன்னேன். வியாழக்கிழமையை, டைரியை, வாரம் பூரா இருப்பேன் என்று சொன்ன பொய்யை, டீக்கடையை, பூட்டை, கவரைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஒண்ணுமில்ல சார்’ என்றதை. எதையும் பூசி மெழுகவில்லை. உங்கள் பையனுக்கும் அந்த மறுப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவனுக்கு அப்படி ஆனதே எனக்கு இந்த நிமிஷம்தான் தெரியும் என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இவன் மேல தப்பு இல்லியா சார்?”

“இல்லம்மா.”

“வண்டில திரும்பி வர்றப்போ அடிச்சிட்டேன் சார் இவன. உன்னாலதான்டான்னு சொல்லி அடிச்சேன். அதுலேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போறோம், கோயிலுக்குப் போறோம்னு சொன்னா, மொத நாள்லேர்ந்தே தண்ணி குடிக்க மாட்டான். வாயத் தொறக்கவே மாட்டான். இன்னிக்கு வரிக்கும் அப்டித்தான்.”

என் கையில் அவர் கொடுத்த தம்ளர் அப்படியே இருந்தது.

மல்லிகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மகனின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அவன் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினார்.

“சரவணா, கேட்டியாடா? அன்னிக்கு ஆபீஸ்ல… உன்னால இல்லியாம்டா. இந்த சாராலதானாம்.”

அவன் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.